இருபத்தெட்டு பியாஸ்தரும் பதினோரு நிமிடமும்

சென்ற வாரம் சைகோனின் பெரிய கடைத்தெருவான ரூ கத்தினாவில் ஒரு கடைக்குள் போனேன். இருபத்தெட்டு பியாஸ்தர் கொடுத்தேன். ஏற்கெனவே எனக்குச் சொந்தமான ஒரு பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் பாக்கெட் கடிகாரம்தான். சர்வீஸுக்குப் போயிருந்தது. உள்ளே போகும்போது அழுக்காக இருந்ததாம், இப்போது சுத்தமாக இருக்கிறதாம். அந்த அழுக்கையும் நான் பார்க்கவில்லை, இந்தச் சுத்தத்தையும் நான் பார்க்கவில்லை. பின்மூடியைத் திறந்து காட்டினார்கள். முன்பும் பளபளவென்றுதான் இருந்தது. இப்போதும் அப்படியே.

இருபத்தெட்டு பியாஸ்தர் என்றால் எவ்வளவு என்று ஊரில் இருந்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். என் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் ஆளின் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. அவருக்கு இந்தத் தொகை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஆனால் பாருங்கள், பணத்தைக் கொடுக்கும்போது எனக்கு வயிறு எரியவில்லை. துணி வியாபாரிக்கு, அதுவும் காரைக்கால் மரைக்காயருக்கு, வயிறு எரியாமல் இருபத்தெட்டு பியாஸ்தர் போகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

முதலில் கடிகாரம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டுச் சரக்கு நான் எதிர்பார்க்காத விலைக்குப் போயிற்று. கையில் காசு. மனிதன் கையில் காசோடு ரூ கத்தினாவில் நடக்கக் கூடாது. நடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வெல்வெட் மேல் இது படுத்திருந்தது. சுவிட்சர்லாந்தில் செய்தது, தங்க மூடி, சங்கிலியோடு. வாங்கிவிட்டேன்.

காரைக்காலில் இருக்கும் என் மனைவிக்கு எழுதினேன். பதில் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்தக் கடிகாரத்தில் மட்டும் மணி இருபத்தைந்து அடிக்குமா என்று.

ஆனால் இங்கே சைகோனில் அந்தக் கடிகாரத்துக்கு நல்ல மரியாதை. நம் பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் பெரும்பாலும் துணிக்கடை, நாணயம் மாற்றும் கடை, தையல் என்று இருக்கிறவர்கள். பாதிப் பேரிடம் கடிகாரம் உண்டு. நிக்கல் கடிகாரம், வெள்ளி முலாம் கடிகாரம், நேற்று ஓடி இன்று நிற்கும் கடிகாரம். தங்கம் என்னுடையது ஒன்றுதான். அதனால் சரியான நேரம் என்னுடையது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நானும் மறுக்கவில்லை. யார் மறுப்பார்கள்?

ரமலானில் இந்த மரியாதை இன்னும் ஏறும். முஸ்லிம் அல்லாத நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பதால் சொல்கிறேன் – நோன்பு திறப்பது சூரியன் மறைந்த பிறகுதான். ஒரு நிமிடம் முந்தினாலும் அந்த நாள் நோன்பு போயிற்று. வானம் தெளிவாக இருந்தால் லெப்பை, அதாவது எங்கள் பள்ளியில் தொழ வைப்பவர், முற்றத்தில் நின்று மேற்கே பார்த்துவிட்டு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வார். ஆனால் போன ரமலான் இங்கே மழைக்காலத்தில் வந்தது. சைகோன் மழையில் மேற்கு எது, கிழக்கு எது?

அப்போதுதான் கடிகாரம். அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தை பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்து நான் சொல்வேன். எனக்குப் பிரெஞ்சு படிக்க வரும் என்பது இன்னொரு பெருமை. பிறகு கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லெப்பைக்குப் பக்கத்தில் நிற்பேன். முள் வந்ததும் தலையாட்டுவேன். லெப்பை பாங்கு சொல்வார். நூறு பேருக்குக் குறையாத கூட்டம் பேரீச்சம்பழத்தை வாயில் போடும். என் ஒரு தலையாட்டலுக்கு நூறு வாய் அசையும். இதை எழுதும்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

ரமலானுக்கு மூன்று வாரம் முன்பு, வாங்கின கடைக்கே போனேன். மூன்று வருடம் ஆனால் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிய துரை ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தார். பிரித்து, கழுவி, எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். இருபத்தெட்டு பியாஸ்தர். எட்டு வாரம்.

கடிகாரம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்டேன். உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, காய்ந்த எண்ணெயில் ஓடினால் சக்கரங்கள் தேயும், தேய்ந்த பிறகு வந்தால் இருபத்தெட்டு போதாது என்றார். சரி, கழுவ எட்டு வாரமா? இல்லையாம். கழுவுவது இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் கடிகாரத்தை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் கவிழ்த்தும் தினமும் நேரம் பார்ப்பார்களாம்.

அதாவது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காசா என்றேன். துரை சிரிக்கவில்லை. பெரும்பகுதிக் காசு அதற்குத்தான் என்றார்.

நான் பிரெஞ்சில் மேர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் கடிகாரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கே தெரியுமே!

அப்புறம் சைகோனை ஒட்டிய சீனர் பேட்டை, சோலன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு சீனர், ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி. நான்கு பியாஸ்தர் என்றார். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய சீனமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனாலும் தெளிவாகப் புரிந்தது. இரண்டு நாளில் கழுவிவிடுவேன், பிறகு பத்து நாள் என்னிடமே இருக்கட்டும் என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். இவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

இந்த இடத்தில் காதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதர் நாகூர்க்காரர், நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கிறார், என் வயது, என் சிநேகிதர். அவரிடம் ஒரு நிக்கல் கடிகாரம் உண்டு. நான் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்த இரண்டாம் நாள், மறுநாள் நோன்பு என்று பிறை தெரிந்துவிட்டது. நான் சோம்பேறித்தனமாக நாளைக் கடத்தி, கடைசி நேரத்தில்தான் சோலனுக்கே போயிருந்தேன். பள்ளியில் லெப்பை காதரிடம், “உங்க கடியாரத்த கொண்டாந்துருங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அவ்வளவுதான். மறுநாள் காலை திராம் வண்டி பிடித்து சோலன் போனேன். கழுவி முடித்திருந்தார். நான்கு பியாஸ்தரை மேசை மேல் வைத்தேன். சீனர் மறுபடியும் பத்து விரல் காட்டினார். நான் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். பின்னாலேயே சந்து முனை வரை வந்து ஏதோ சொன்னார். நல்ல மனிதர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆறு நோன்பும் பிரமாதம். நான்கு மாலைகள் வானம் தெளிந்திருந்தது. லெப்பை சூரியனைப் பார்த்தார், நான் முள்ளைப் பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போயின. இருபத்தெட்டு கேட்ட துரையை நினைத்து மனதுக்குள் சிரித்தேன். காதரிடம் நான்கு பியாஸ்தர் கதையை இரண்டு முறை சொன்னேன்.

ஏழாம் நோன்பு ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்தே மழை. சாதாரண மழை இல்லை, தெருவில் ரிக்ஷாக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். மாலை நான்கு மணிக்கே பள்ளிக்குள் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு அஸ்தமனம் ஐந்து முப்பத்தெட்டு. நான் லெப்பைக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு இந்தப் பக்கம் தாவூது நானா.

தாவூது நானா, அதாவது எங்கள் பேச்சில் தாவூது அண்ணன், தையல்காரர். என் கடை முகப்பில் மிஷின் போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருடமாக நான் விற்கும் துணியைத் தைத்துக் கொடுத்தவர். அதற்கு முன்பும் நான்கு வருடம் வேறு கடையில் இங்கேயே இருந்தவர். கண்ணில் புரை விழுந்து ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதால், தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு, காரைக்காலுக்கே, போவதாக முடிவு செய்திருந்தார். அந்தப் புதன்கிழமை கப்பல். கண் மங்கியதால் அவர் கூட்டத்தைப் பார்க்க மாட்டார், என் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பார். நான் தலையாட்டினால் தோள் அசையும். அதுதான் அவருக்கு அடையாளம்.

முள் ஐந்து முப்பத்தெட்டுக்கு வந்தது. தலையாட்டினேன். பாங்கு. பேரீச்சம்பழம். கஞ்சி. தொழுகை. எல்லாம் வழக்கம்போல.

தொழுதுவிட்டு ஒரு வேலையாக ஆற்றங்கரைப் பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. அங்கே ஒரு கப்பல் கம்பெனி வாசலில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. மணி ஆறு ஐந்து. நான் பழக்கத்தில் என் கடிகாரத்தை எடுத்தேன். ஆறு பதினாறு.

கப்பல் கம்பெனிக் கடிகாரம் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஓட்டல், அதன் உள்ளே சுவர்க் கடிகாரம். எட்டிப் பார்த்தேன். ஆறு ஆறு. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு வங்கி. ஆறு எட்டு. ஊரே சேர்ந்து ஒரே மாதிரி கெட்டுப்போகுமா?

புது எண்ணெய் எங்கோ ஒட்டி, உள்ளே ஸ்பிரிங் அன்று மட்டும் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. இது எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. பத்து நாள் வைத்துப் பார்ப்பது இதற்குத்தானாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் – நாங்கள் நோன்பு திறந்தபோது சரியான நேரம் ஐந்து இருபத்தேழு. சூரியன் மேகத்துக்குப் பின்னால் இன்னும் இருந்தது. நூறு பேர் நோன்பை நான் ஒரு தலையாட்டலில் முறித்திருக்கிறேன்.

கடிகாரத்தைத் திருப்பிச் சரியாக வைத்தேன். ஆற்றங்கரையில் நின்றபடியே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் போனேன். சொல்லவில்லை. திங்களும் செவ்வாயும் போனேன். சொல்லவில்லை. இரண்டு நாளும் மாலையில் அதே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு லெப்பைக்குப் பக்கத்தில் நின்றேன். போவதற்கு முன் ஆற்றங்கரை போய் நேரம் சரிபார்த்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். தெரியாமல் நடந்ததுதானே, அல்லாஹ் கருணையுள்ளவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அல்லாஹ்வின் கருணை நமக்கு எப்போது ஞாபகம் வருகிறது, பார்த்தீர்களா?

பயம் என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். பாவத்துக்குப் பயந்ததைவிடக் காதருக்குத்தான் அதிகம் பயந்தேன். நான்கு பியாஸ்தர் கதையை இரண்டு முறை சொல்லியிருந்தேனே!

புதன்கிழமை காலை தாவூது நானாவை வழியனுப்பத் துறைமுகம் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. தையல் மிஷினை விற்றுவிட்டார். இருபத்திரண்டு வருடச் சைகோன் அவ்வளவுதான் ஆயிற்று. கப்பலேணிக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நான் பெருசா ஒண்ணும் சம்பாரிச்சுட்டுப் போகலே. ஆனா இருவத்திரண்டு வருஷத்துல ஒரு நோன்பு களா ஆகலே. காய்ச்சல்லயும் வச்சிருக்கேன். அது போதும் எனக்கு.”

களா என்றால் தவறிப்போன நோன்பு. பின்னால் ஒரு நாள் வைத்து ஈடு கட்ட வேண்டும். அவருக்கு அது ஒன்று கூட இல்லையாம். அவரிடம் இருந்த ஒரே சொத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்... அதில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டை விழுந்திருப்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. வாய் திறந்தேன். “பத்திரமா போய்ட்டு வாங்க நானா” என்று வந்தது. அவர் திரும்பி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். கப்பல் ஆற்று வளைவில் மறையும் வரை நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை லெப்பையிடம் போனேன். நேராகக் கேட்க முடியுமா? ஊரில் ஒரு சிநேகிதர் எழுதியிருக்கிறார், அங்கே ஒரு பள்ளியில் இந்த மாதிரி முந்தி நோன்பு திறந்துவிட்டார்களாம், சட்டம் என்ன என்று சுற்றி வளைத்தேன். தெரியாமல் திறந்தவர்கள் மேல் குற்றம் இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் ஒரு நோன்பு களா வைக்க வேண்டும் என்றார். தப்புக்குக் காரணமான ஆள் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து நூறு நோன்பு வைத்துவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். எனக்கு அந்த யோசனை நன்றாகப் பட்டது. யாருக்கும் தெரியாமல் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்.

லெப்பை தலையை ஆட்டி மறுத்தார்.

“உயிரோட இருக்குறவஹளுக்கு வேற ஆள் வைக்க முடியாது, மரைக்காரே. அந்த ஆள் சொல்லித்தான் ஆகணும். அவஹவஹ நோன்ப அவஹவஹ வச்சுக்குவாஹ.” பிறகு, “அந்த ஊர்ல எத்தன மணிக்குத் தெறந்தாஹளாம்?” என்று கேட்டார்.

ஐந்து இருபத்தேழு என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எழுந்து நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என் கடிகாரம் பதினோரு நிமிடம் முந்திவிட்டது, உங்கள் நோன்பு சேரவில்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், ஐந்து நாளாக மறைத்தேன் என்று சொன்னேன். நாலே வாக்கியம். ஐந்து நாள் சுமந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கூட்டம் என்ன செய்யும் என்று எதிர்பார்த்தேன்? சத்தம், திட்டு. அப்படி ஒன்றும் இல்லை. எல்லாரும் காதரைப் பார்த்தார்கள். காதர்தான் முதலில் பேசுவார் என்று என்னைப் போலவே அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

காதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்னங்கனி, அன்னைக்கு நீங்க தலையாட்டுனப்ப என் கடியாரத்துல அஞ்சு இருவத்தேழு.”

ஏன் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். காதர் சொன்ன கதையை அவர் மொழியில் எழுத இடமில்லை, சுருக்கித் தருகிறேன். என் கையில் தங்கம், அவர் கையில் நிக்கல். தங்கம் தப்பாக இருக்குமா? தன் கடிகாரம் பின்தங்கிவிட்டது என்று முடிவு செய்து, அங்கேயே பதினோரு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். மறுநாள் பார்த்தால் என் கடிகாரத்தைவிட அவருடையது பதினோரு நிமிடம் முந்தி நிற்கிறது! நான் ஆற்றங்கரையில் திருப்பியது அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் பின்னால் திருப்பினார். ஒரு நாள் பின்தங்கி, ஒரு நாள் முந்தி ஓடுகிற கடிகாரத்தை எதற்கு வைத்திருப்பது என்று ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றரை பியாஸ்தர் செலவு. ஒரு கோளாறும் இல்லாத கடிகாரம்.

அவர் முடித்ததும் இன்னொருவர் எழுந்தார். அவரும் தள்ளி வைத்தவர்தான். பிறகு இன்னொருவர். எண்ணிப் பார்த்தபோது ஏழு பேர். பள்ளிக்குள் அன்று ஏழு கடிகாரங்கள் சரியான நேரம் சொல்லியிருக்கின்றன. ஏழையும் திருத்தி, தப்பான ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள்.

இதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். விலை அதிகம் என்பதால் ஒன்றை நம்புகிறோம். நம்புவதால் அதைச் சோதிப்பதில்லை. சோதிக்காததால் அது தப்பே செய்யாதது போலத் தெரிகிறது. கடிகாரத்துக்கு மட்டுமா இது? நம் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்த மறு வாரம், எல்லாரும் ஒரே நாளில் களா நோன்பு வைத்தார்கள். அன்றைக்குக் கஞ்சிச் செலவு என்னுடையது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அரிசி, ஆட்டுக்கறி, பேரீச்சம்பழம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று எழுதினால் என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பாள். அன்று காதர் கடிகாரத்தைப் பிடித்தார். வானம் பளிச்சென்று இருந்தது. இருந்தும் நூறு பேரும் முற்றத்துக்கு வந்து அவரவர் கண்ணால் மேற்கே பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்கள். என் தங்கக் கடிகாரம் அப்போது ரூ கத்தினாவில் துரையிடம், நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

நூறு பேர் கணக்கு தீர்ந்தது. ஒருவர் பாக்கி.

தாவூது நானாவுக்கு அடுத்த கப்பலிலேயே கடிதம் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். அதற்குப் பதில் சென்ற வாரம் திங்கட்கிழமைதான் வந்தது. அவர் எழுதியதில்லை, அவருடைய மகன் இஸ்மாயில் எழுதியது.

கப்பலில் வரும்போதே அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். ஊர் வந்ததிலிருந்து படுக்கை. மூன்று வேளையும் மருந்து, இடையிடையே கஞ்சித் தண்ணீர், ஒரு வேளை தவறினாலும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் என் கடிதம் போயிருக்கிறது. மகன் வாசித்துக் காட்டியிருக்கிறார். பெரியவர் கேட்டுவிட்டு, களாவோடு மவுத்தாக மாட்டேன், அந்தக் கடனோடு சாக மாட்டேன் என்று மறுநாளே நோன்பு வைத்துவிட்டார். மதியத்துக்குள் மயக்கம். வாயில் தண்ணீர் விட்டு எழுப்பினார்கள். அதனால் அந்த நோன்பும் சேரவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி வைத்தார். மறுபடி மயக்கம்.

நோயாளிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று அந்த ஊர் லெப்பை வந்து சொல்லிப் பார்த்தார். பெரியவர் கேட்கவில்லை. நான் எழுந்து நடந்து வைப்பேன் என்கிறாராம்.

கடிதத்தின் கடைசியில் இஸ்மாயில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

“வாப்பா வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாஹ. சைகோன்ல மரைக்கார் கடியாரம் தப்பாப் போனதே இல்லே, அவரே எழுதுனதாலதான் நம்புறேன்னு சொல்றாஹ. நீங்க இன்னொரு கடிதாசி போடணும் மாமா. அன்னைக்கு உங்க கடியாரம் சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுதுங்க. நீங்க எழுதுனா நம்பிடுவாஹ. அடுத்த நோன்புக்கு முந்தி எழுதுங்க.”

கடிதத்தை லெப்பையிடம் கொண்டுபோனேன். இந்த முறை ஊர்ச் சிநேகிதர் கதை இல்லை, நேராகக் கையில் கொடுத்தேன். அவர் முழுவதும் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கப்பல் என்றைக்கு என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். சரி என்று, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டார்.

நூறு பேர் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல ஐந்து நாள் எடுத்துக்கொண்டவன் நான். இந்தப் பொய்யை எழுத ஐந்து நிமிடம் ஆகவில்லை. எழுதியது இதுதான்: தாவூது நானா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கடிகாரத்தை ரூ கத்தினாவில் காட்டினேன். துரை இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை, ஒரு வினாடி கூடப் பிசகாது என்று சொல்லிவிட்டார். தப்பு ஆற்றங்கரைக் கடிகாரத்தில்தான். உங்கள் நோன்பு சேர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமும் முழுசு. மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள்.

துரை சொன்னதாக எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது அந்தக் கடிகாரத்தில் உண்மையாகவே ஒரு கோளாறும் இல்லை. இருபத்தெட்டு பியாஸ்தர் எனக்கு ஏன் எரியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். பெரியவர் பெயரால் ஏழைகளுக்குச் சாப்பாடும் போட்டுவிட்டேன், அதை மட்டும் அவருக்கு எழுதவில்லை.

கடிதம் வியாழக்கிழமைக் கப்பலில் போய்விட்டது. நம் பத்திரிகைக் கட்டு அதற்கு அடுத்த கப்பலில் போகும். அதனால் காரைக்கால் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள்: தாவூது நானாவுக்குக் கண் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. பத்திரிகை முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள், இந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு.